இரண்டு இருபதிலிருந்து நாலேகால் வரை

ஏலப்பாறை,
18.06.2025

மௌனிகாவுக்கு,

போனில் கூப்பிடாமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். மூன்று வருடம் உன் அண்ணன் பெண்டாட்டியாக உங்கள் வீட்டில் அந்த வேலையைத்தான் பார்த்தேன். இந்த முறை நீ அழுவது எனக்குக் கேட்க வேண்டாம்.

உன் அண்ணன் அனுப்பிய வக்கீல் காகிதம் போன வியாழக்கிழமை வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று நான் ஒப்பு போட்டு ஆகஸ்ட் முப்பதுக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மலையாளத்தில் இருந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்போரம் ஈரச் சாக்கை உலர்த்திக்கொண்டிருந்தவள், "ஏட்டி, பிள்ளையப் பறிகொடுத்தவகிட்ட கையெழுத்தா கேக்காக?" என்றாள்.

பிரிவதைப் பற்றி எனக்குப் புதிதாக அழ எதுவும் இல்லை. குழந்தை போன பிறகு ஓய்வுக்கு என்று இங்கே கொண்டுவந்து விட்ட மனிதர், இரண்டு மாதத்தில் போனை நிறுத்திக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. நான் எழுதுவது ஐந்தாவது வரியைப் பற்றி. "மனைவியின் உடலில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் ஏற்பிகள் இல்லை என்பது ஆராய்ச்சியில் தெரியவந்ததால்" என்று போட்டிருக்கிறது.

உன் அம்மாவுக்கு ஏற்பி என்றால் என்னவென்று தெரியாது. உன் அண்ணனுக்குக் கம்பெனியில் மிஷின் ஓட்டத் தெரியும், இது தெரியாது. உங்கள் வீட்டில் அந்தச் சொல் தெரிந்த ஆள் ஒருத்திதான். என் நஞ்சுக்கொடியில் ஒரு துண்டை உன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான். உனக்காகத்தான் போட்டேன்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த வரி உண்மையா? உண்மை என்றால் ஒப்பு போடுகிறேன். பொய் என்றால், அந்த வரியோடு என்னை யாரும் பிரிக்க முடியாது.

ஆனந்தி


பாலக்காடு,
27.06.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் ஹாஸ்டல் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். அழுதேன் என்று எழுதினால் கோபிப்பீர்கள். அதனால் எழுதவில்லை.

அந்த வரி எனக்குத் தெரியாது, அண்ணி. வக்கீலிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது வேறு, அம்மா புரிந்துகொண்டது வேறு. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பத்தில் மூன்றாம் மாதத்திலிருந்து புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்கும். கருப்பை சுருங்காமல் அமைதியாக இருக்க அது வேண்டும். ஆனால் ஹார்மோன் ரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது. செல்லுக்குள் அதைப் பற்றிக்கொள்ள ஒரு புரதம் இருக்க வேண்டும். அதுதான் ஏற்பி. நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து சிறு துண்டு வெட்டி, பதப்படுத்தி, மெழுகில் இறுக வைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவோம். ஏற்பி உள்ள செல் பழுப்பாகத் தெரியும். நூறு செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணுவதுதான் நாலு வருடமாக என் பிழைப்பு. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் முன்னாலேயே பிறந்த குழந்தைகளுக்கும் அதில் வித்தியாசம் உண்டா என்பது என் கேள்வி.

நான் சேகரித்த ஐம்பது துண்டுகளில் உங்களுடையது நாற்பத்தேழாம் எண். அதில் பழுப்பு குறைவாக இருந்தது. போன வருடம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. யாருடைய துண்டு என்று வெளியே பேசக் கூடாதென்பது எங்கள் விதி. அதோடு ஒரே ஒரு துண்டை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஐம்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதோ சொல்லலாம். இதையும் சொன்னேன். ஆனால் அம்மா முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டார்.

செப்டம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதுவரை இதை எங்கேயும் கிளற வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அதன் பிறகு நானே அண்ணனிடம் பேசுகிறேன்.

மௌனி


ஏலப்பாறை,
06.07.2025

மௌனிகா,

இரண்டு பக்கம் பாடம் நடத்தியிருக்கிறாய். உண்மையா பொய்யா என்றுதானே கேட்டேன்? "பழுப்பு குறைவாக இருந்தது" என்கிறாய். சரி. ஏன் குறைவாக இருந்தது?

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. எஸ்டேட்டில் தற்காலிக ஆளாக நானும் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போகிறேன். கை தானாக எடுக்கும், மனம் சும்மா கிடக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையை நிமிடம் நிமிடமாக யோசித்துப் பார்க்க நேரம் கிடைத்தது.

குழந்தை பிறந்தது பகல் இரண்டு இருபதுக்கு. முப்பத்தொரு வாரம். ஒன்றே கால் கிலோ. ஜிஜி சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போனார்கள். நஞ்சு எங்களுக்கு வேண்டும் என்று உன் அம்மா வாசலில் நின்று கேட்டார். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீரில் கழுவி, உப்புப் போட்டு, புதுக் கலயத்தில் வைத்து, பொழுது சாய்வதற்குள் தோட்டத்தில் புதைத்தால் பிள்ளை தங்கும். ஆனால் செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். அதனால் கலயத்தை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே அவர் குரல் எனக்குக் கேட்டது.

நீ அப்போது வரவில்லை. கோயமுத்தூரில் மீட்டிங் என்றும், வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசையில் பஸ் நிற்கிறது என்றும் போன் செய்தாய். நீ என் கட்டிலருகே வந்தபோது சாயங்கால டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நாலேகாலுக்குத்தான் டீ வரும்.

கல்யாணத்துக்கு முன் கஞ்சிக்கோட்டில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று மறந்துவிட்டாயா? தரம் பார்க்கும் பிரிவு. எந்த நேரத்தில் எடுத்தது, எந்த நேரத்தில் சோதித்தது என்று தாளில் எழுதுகிற வேலை. நேரத்தை மாற்றி எழுதிய தாள் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன்னிடமும் அப்படி ஒரு தாள் இருக்கும். அதில் எத்தனை மணி என்று எழுதினாய்?

ஆனந்தி


பாலக்காடு,
24.07.2025

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

இரண்டு ஐம்பது என்று எழுதினேன்.

அரை மணி நேரத்துக்குள் துண்டு மருந்துத் தண்ணீரில் விழ வேண்டும். அதுதான் விதி. நேரம் போகப் போக ஏற்பி சிதைந்துவிடும். பிறகு சாயம் ஏறாது. இல்லாததால் ஏறவில்லையா, கெட்டுப்போனதால் ஏறவில்லையா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. உங்கள் துண்டு ஷெட்டு வெக்கையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டது. கலயத்திலிருந்து நான் வெட்டும்போதே தெரியும், இது எதற்கும் உதவாது என்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் எடு கண்ணு, நேரமாச்சு" என்றார்.

அப்படியும் ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில் எனக்குப் பத்து தேவை. ஒன்பதுதான் இருந்தது. அந்த மாதத்தோடு சேகரிப்பு முடிவதாக இருந்தது.

எண்ணியபோது நூற்றுக்கு நாலுதான் பழுப்பு. முன்னாலேயே பிறந்தால் ஏற்பி குறைவாக இருக்கும் என்று நான் நினைத்திருந்ததற்கு அது அத்தனை பொருத்தமாக இருந்தது. கெட்டுப்போனது என்பதை மறந்தே போனேன். மறக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போல, "இத்தன வருசம் படிச்சு என்னத்தக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டார். நான் உங்கள் துண்டைச் சொன்னேன். அம்மா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார். அண்ணி, என் படிப்பை அவர் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் கூடச் சொன்னேன். "அப்ப வாரா வாரம் போட்ட ஊசியெல்லாம் ஓட்டக் கொடத்துல ஊத்துன தண்ணியாக்கும்" என்றார். பிள்ளை தங்க உங்களுக்குப் போட்ட ஹார்மோன் ஊசியைச் சொன்னார். நான் மறுக்கவில்லை. அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

குழந்தை ஏன் முன்னால் பிறந்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. உங்கள் உடம்பில் குறை இருக்கிறதென்று சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

இந்தக் கவரோடு ஒரு சிறு டப்பாவும் வரும். உங்கள் துண்டு இருக்கும் மெழுகுக் கட்டி. இது ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டாலும் கெடாது. யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். குழந்தையைப் புதைத்த இடத்தைக்கூட உங்களுக்குக் காட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உங்களிடம் ஏதாவது இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள், அண்ணி. செப்டம்பர் கழியட்டும்.

மௌனி


ஏலப்பாறை,
02.08.2025

மௌனிகா,

டப்பா வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. மஞ்சள் தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

இதை எனக்குக் கொடுத்துவிட்டால் உனக்குச் சுமை இறங்கிவிடும் என்று நினைத்தாயா? பதினான்கு மாதம், மௌனிகா. தண்ணீர்க் குழாயடியில் எதிர் லயத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். உன் அண்ணன் போனை நிறுத்தியதும், உடம்பில் ஏதோ இல்லாதவள் என்று நானே நம்பிவிட்டேன். குளிக்கும்போது என் வயிற்றைத் தொடக்கூட எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. அதற்கெல்லாம் காரணம் வாளையாரில் நின்ற உன் பஸ்.

கடிதத்தை எரிக்க மாட்டேன். யாருக்கும் அனுப்பவும் மாட்டேன். எனக்காக எந்தக் காகிதமும் பேச வேண்டாம். நீ எங்கே உட்கார்ந்து சொன்னாயோ அதே இடத்தில், அதே இரண்டு பேர் முன்னால், உன் வாயால் சொல். முப்பதாம் தேதி வரை காத்திருப்பேன்.

செப்டம்பர் உனக்கு முக்கியம் என்று தெரியும். மூன்று வருடம் உனக்கு நான் சோறு கட்டிக் கொடுத்தது அந்தச் செப்டம்பருக்காகவும்தான்.

ஆனந்தி


கொழிஞ்சாம்பாறை,
19.08.2025

அண்ணி,

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, இங்கே வீட்டில், மத்தியானச் சாப்பாட்டின்போது. நேரம், கலயம், மஞ்சள், நான் எழுதிய பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு, "அப்ப நாந்தான் கழுவிக் கெடுத்தனாக்கும்?" என்றார். கெடுத்தது நான்தான், நீங்கள் உங்கள் சாங்கியத்தைச் செய்தீர்கள் என்றேன். "பேத்தி பொழைக்கோணும்னு செஞ்சேன்" என்று சொல்லி இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உங்கள் பெயரையும் எடுக்கவில்லை. ஒருமுறை மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று அழுவதைப் பார்த்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "அப்ப அவகிட்ட கொறையில்லைங்கறயா?" என்று கேட்டார். அந்தத் துண்டு எதையும் சொல்லாது, குறை என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஆனால் நேற்று ராத்திரி பஸ் நேரம் விசாரித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏலப்பாறைக்கு வருகிறார், அண்ணி. தேங்காய் உரித்து மூட்டை கட்டியிருக்கிறார்.

காலையில் பாலக்காடு போய் என் கைடிடமும் சொன்னேன். நாற்பத்தேழை நீக்கியாகிவிட்டது. மற்ற நாற்பத்தொன்பது தாள்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் போகிறார்கள். செப்டம்பர் இல்லை. அடுத்த வருடமும் நிச்சயமில்லை. இதை உங்களிடம் புகாராகச் சொல்லவில்லை.

அவர் வந்தால் கூடவே வந்துவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மௌனி


ஏலப்பாறை,
26.08.2025

மௌனி,

உன் அண்ணன் வந்தார். மழையில் நனைந்து, தேங்காய் மூட்டையோடு லயத்து வாசலில் நின்றார். இளைத்திருக்கிறார். பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே எரிச்சலாக இருந்தது. அம்மா துண்டு கொடுத்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, எல்லாம் மௌனிகா சொன்னாள், தப்பு நடந்துவிட்டது என்றார். யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். சனிக்கிழமையே நான் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேரே அலமாரியில் அந்த மெழுகுக் கட்டி இருந்தது. அது என்ன என்று கேட்டார். "நம்ம பிள்ள இருந்த எடம். அதுல ஒரு துண்டு" என்றேன். எழுந்து போய் இரண்டு கையாலும் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அழுதிருந்தால், மௌனி, நான் கூடவே வந்திருப்பேன்.

"ஆனந்தி, இதுல இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குதில்ல?" என்றார். "கோயமுத்தூர்ல வேற லேப்புல குடுத்து மறுக்கா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா? நல்லதா ஒரு ரிசல்ட் வந்துட்டா அம்மாகிட்டக் காமிச்சு உன்னயக் கூட்டிட்டுப் போயர்றேன்."

இந்தத் துண்டு எதையும் சொல்லாது என்று நீ அவரிடம் எத்தனை தரம் சொன்னாயோ தெரியாது. அவர் காதில் ஏறவில்லை. பதினான்கு மாதமும் அவர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று இரண்டு நாள் நம்பினேன். இல்லை. நான் தேறினேனா இல்லையா என்பதைத்தான் யோசித்திருக்கிறார். கம்பெனியில் நான் எத்தனையோ பொருளைத் தள்ளிவைத்து மறுபடி சோதித்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். அது எனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை.

கட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் வக்கீல் காகிதத்தை எடுத்து, ஐந்தாவது வரியை அடித்துவிட்டு, அடியில் ஒப்பு போட்டேன். அடித்திருந்தால் வக்கீல் வாங்க மாட்டார் என்றார். அந்த வரி இல்லாமல் புதிதாக அடித்து அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை தரம் வேண்டுமானாலும் ஒப்பு போடுகிறேன் என்றேன். மூன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். தேங்காயை விட்டுவிட்டுப் போனார்.

உன் வாயால் சொன்னாய். அதற்காக நீ இழந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது எனக்கு மனம் வரவில்லை. எப்போதாவது வருமா என்றும் தெரியாது. இனி எழுத வேண்டாம்.

அந்தக் கட்டியை நேற்று லயத்துக்குப் பின்னால் புதைத்தேன். அம்மா குழி தோண்டினாள். அவளுக்கும் இப்படித்தான் பழக்கம் போலிருக்கிறது, மஞ்சள் கரைக்க உள்ளே எழுந்தாள். வேண்டாம், கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது இருந்தபடியே வைத்து மண்ணைத் தள்ளினேன்.

ஆனந்தி